அரை நெல்

கார்டில் ஓட்டை போடும் எந்திரம் மீன்வள மையத்துக்கு வந்தபோது, அதை லாரியிலிருந்து இறக்கி உள்ளே வைத்தவர்கள் ஊரூர்க் குப்பத்து ஆட்கள்தான். லாரியில் கூடவே வந்த கம்பெனி ஆள், ஆட்டக்கூடாது, சாய்க்கக்கூடாது, வெயில் படக்கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தான். பாண்டுரங்கன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். குப்பத்துக்குப் போய் நாலு பேரை அழைத்துவந்தான். சவுக்குக் கழி இரண்டைத் தோளில் வைத்து, கட்டுமரத்தைக் கரையேற்றுகிற கயிற்றில் எந்திரத்தைத் தொங்கவிட்டு, ஆறு படி ஏறி, ஏ.சி. மாட்டிய அறையில் இறக்கினார்கள். எந்திரம் ஒரு தடவைகூட ஆடவில்லை. கம்பெனி ஆள்தான் மூன்றாம் படியில் தடுக்கி விழுந்தான்.

அது எழுபத்தேழாம் வருஷம், மாசி மாதம்.

மையம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அடையாறு கடலில் விழுகிற இடத்துக்கு அருகே, சவுக்குத் தோப்புக்குள் ஒரு மாடிக் கட்டடம். பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. மீனைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்குகிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர். அவர்களுக்கு மேலே புரொபசர் சுந்தரராமன். எல்லோருக்கும் கீழே பாண்டுரங்கன். கரைக்கு வருகிற மடவை மீனில் தினம் ஐம்பதை எடுத்து, அளந்து, எழுதிக் கொடுப்பது அவன் வேலை. அதற்கு ஒரு பலகை கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் முட்டுக்கட்டை, நீளவாக்கில் அளவுக் கோடுகள். மீனின் வாயைக் கட்டையில் முட்டவைத்து, வால்நுனி எந்தக் கோட்டில் முடிகிறது என்று பார்த்து நோட்டில் எழுத வேண்டும். நாலு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தான். தினக்கூலிதான். அவனை நிரந்தரம் ஆக்கச் சொல்லிப் புரொபசர் எழுதிய காகிதம் மேலே போய்விட்டது என்று பொங்கலிலிருந்து பேச்சு.

அவன் அளந்ததை வைத்து ஆராய்ச்சி செய்கிறவள் ஜெயபாரதி. தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் அய்யாதுரையின் மகள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அதுவரை மையத்தில் இருந்தது கைப்பிடியைச் சுழற்றிக் கணக்குப் போடும் எந்திரம் ஒன்றுதான். சுழற்றிச் சுழற்றி அந்தப் பெண்ணின் வலது தோள் இறங்கிவிட்டது என்று பாண்டுரங்கன் வீட்டில் சொல்வான். ஒவ்வொரு மீனையும் தனித்தனியாகப் போட்டால் ஆயுசுக்கும் சுழற்ற வேண்டும் என்பதால், அவள் மில்லிமீட்டரைத் தள்ளிவிட்டு, சென்டிமீட்டர் வாரியாகக் கூறு கட்டிக் கணக்குப் போட்டாள். புது எந்திரத்துக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு மீனுக்கு ஒரு கார்டு. நீளம் எத்தனையோ அந்த எண்ணில் ஓட்டை. கார்டுகளைப் பெட்டியில் அடுக்கி ஜீப்பில் கிண்டிக்கு அனுப்பினால், அங்கே இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் ஓட்டைகளைப் படித்து, விடையை நீளக் காகிதத்தில் அச்சடித்துத் தரும்.

இதையெல்லாம் பாண்டுரங்கன் விளக்கியபோது அவன் மனைவி கெங்கம்மா கேட்டது ஒன்றுதான். அந்தக் கார்டில் மீன் வாசம் அடிக்குமா?

கூட இருந்த லூர்துமேரி சிரித்தாள். சாந்தோமிலிருந்து விடிகாலையில் வந்து, ஊரூர்க் கரையில் மீன் எடுத்து, மயிலாப்பூர்த் தெருக்களில் விற்கிறவள். வாய் சும்மா இருக்காது.

"யக்கா, இன்னிக்கு ஓட்டையப் படிக்குது. நாளிக்கு மீனையும் அதுவே அளந்துக்கும். மாமா வூட்ல குந்திக்கினு வெத்தல போட வேண்டிதுதான்."

"அதுக்குக் கை கீதா?" என்றான் பாண்டுரங்கன்.

இல்லை என்று லூர்துமேரி ஒப்புக்கொண்டாள்.

"அப்ப மீன எட்த்துப் பலகைல யாரு வெப்பா? உங்க பாதரா? கம்முனு போ."

பங்குனி பிறந்து பத்து நாள் ஆகியிருக்கும். கெங்கம்மா காந்தி நகர்ப் பக்கம் மீன் விற்றுவிட்டு வந்து, கூடையை மணல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உச்சி வெயில். வழக்கமாக மூன்று மணிக்கு வருகிற புருஷன் அப்போதே வந்தான். செருப்பைக் கழற்றவில்லை. வாசல் நிழலில் குந்தினான். சோறு போடட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றான். நெத்திலிக் குழம்பு இருக்கிறது என்றாள். அதற்கும் வேண்டாம் என்றான். நெத்திலிக் குழம்பை அவன் வேண்டாம் என்று சொன்னது மஞ்சள்காமாலையில் கிடந்தபோது மட்டும்தான். அவள் கூடையைப் போட்டுவிட்டு வந்து அவன் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். கண் வெள்ளையாகத்தான் இருந்தது.

"இன்னாய்யா ஆச்சு?"

"பள்ளம் வுழுந்துகீது."

"எங்க?"

"காயிதத்துல."

மெல்ல மெல்லத்தான் சொன்னான். கிண்டியிலிருந்து காகிதம் வந்துவிட்டது. அதில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நட்சத்திரம். அன்றைக்கு அளந்த மீன்களின் சராசரி நீளம் அது. நட்சத்திரங்கள் வரிசையாக அலைபோல ஏறி இறங்கிப் போகின்றன. மார்கழி நடுவில் திடீரென்று இரண்டு படி கீழே விழுகின்றன. முப்பத்தெட்டு நட்சத்திரம் கீழேயே ஓடுகிறது. தை மாதம் ஒரே நாளில் மறுபடி இரண்டு படி ஏறிவிடுகிறது.

ஜெயபாரதிக்கு முதலில் சந்தோஷமாம். கார்த்திகை வெள்ளத்தில் பெரிய மீனெல்லாம் கடலுக்கு அடித்துக்கொண்டு போய்விட்டது என்று நினைத்தாள். அதைப் பற்றி ஒரு அத்தியாயமே எழுத ஆரம்பித்தாள். பிறகு எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பெரிய மீனும் நாலு மில்லி குறைந்திருந்தது. சின்ன மீனும் நாலு மில்லி குறைந்திருந்தது. வெள்ளம் அப்படிச் செய்யாது. நோட்டை எடுத்துப் பார்த்தாள். அந்த முப்பத்தெட்டு நாளும் கையெழுத்து கோணிக்கொண்டு கிடந்தது. புரொபசரிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சொல்லிவிட்டு, பாண்டுரங்கன் முகத்தைப் பார்க்காமல் எந்திரத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

புரொபசர் கூப்பிட்டுக் கேட்டார். கரைக்குப் போய் அளந்தாயா, வீட்டில் உட்கார்ந்து எழுதினாயா? பாண்டுரங்கன் வாயைத் திறக்கவில்லை.

"ஏன், பேசறதுதான?" என்றாள் கெங்கம்மா.

"இன்னான்னு பேசறது? கரைக்குப் போய் அளந்தேன்னு சொன்னா பொய்யி. வூட்ல குந்திக்கினு எழுதினேன்னா, அது நெசம்."

நாளைக் காலை பத்து மணிக்குள் உள்ளதைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் மேலே போன காகிதத்தைத் திருப்பி வாங்கிவிடுவார்கள். வேலையும் இல்லை. முப்பத்தெட்டு நாள் பொய் என்றால் நாலு வருஷத்து நோட்டையும் நம்ப முடியாது, எல்லாவற்றையும் தூக்கிப் போட வேண்டியதுதான் என்று புரொபசர் சொன்னார். அவனை அதிகம் சுட்டது அதுதான். வேலை போனால் வலை இருக்கிறது. அளக்காமல் எழுதினவன் என்ற பேர் வந்துவிட்டால் அது போகாது.

நடந்தது இப்படி. கார்த்திகையில் அடையாறு உடைத்துக்கொண்டு வந்தது. குப்பத்தில் இடுப்பளவு தண்ணீர், மூன்று நாள். வடிந்த பிறகு வீட்டுக்கு வீடு மஞ்சள்காமாலை. பாண்டுரங்கன் மார்கழியில் படுத்தான். எழுந்து நின்றால் கண் இருட்டியது. கெங்கம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தாள். எண்ணெய் கிடையாது, புளி கிடையாது, மீன் கிடையாது. கஞ்சியும் அவனும். ஆனால் தினக்கூலிக்காரன் ஒரு வாரம் வரவில்லை என்றால் அடுத்த வாரம் அந்த இடத்தில் வேறு ஆள் இருப்பான். குப்பத்திலேயே பத்துப் பேர் அந்தப் பலகையின் மேல் கண்ணாக இருந்தார்கள்.

நான் அளக்கிறேன் என்றாள் கெங்கம்மா. தினமும் விடிகாலையில் மீன் எடுக்கக் கரைக்குப் போகிறவள்தானே. பஸ் நம்பர் அவளுக்குத் தெரியும். பலகையில் இருக்கிற பொடிக் கோடுகள் தெரியாது, எழுதவும் வராது. பலகையைத் தூக்கிக்கொண்டு போனால் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிடும். அதனால் வலை கட்டுகிற நைலான் நூலை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். நூல் முனையில் ஒரு முடிச்சு. அதை மீனின் வாயில் வைத்து, நூலை உடம்போடு இழுத்து, வால்நுனியில் நகத்தால் பிடித்து, அங்கே ஒரு முடிச்சு. அந்த முடிச்சு அடுத்த மீனின் வாய்க்கு. ஐம்பது மீன் முடிந்ததும் நூலைச் சுற்றி முந்தானைக்குள் போட்டுக்கொள்வாள். வீட்டுக்கு வந்து, பலகைமேல் நூலை முடிச்சு முடிச்சாக நீட்டிப் பிடிப்பாள். அவன் ஒருக்களித்துப் படுத்தபடியே கோட்டைப் படித்து நோட்டில் எழுதுவான். நோட்டை அவளே கொண்டுபோய் மையத்து வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு வருவாள். நோட்டு தினம் வந்துவிட்டால், ஆள் கரையில்தான் இருக்கிறான் என்று மையத்தில் நினைத்துக்கொள்வார்கள்.

கரையில் கண்டுபிடித்தவள் லூர்துமேரி ஒருத்திதான். அவளும் தப்பாகக் கண்டுபிடித்தாள்.

"இன்னா யக்கா, மீனத் தொட்டுத் தொட்டு முடி போடற? வேண்டுதலா?"

ஆமாம், எல்லையம்மனுக்கு என்றாள் கெங்கம்மா. அவருக்கு உடம்பு தேற வேண்டுமென்று. லூர்துமேரி அதற்குப் பிறகு பரிகாசம் செய்யவில்லை. தினம் நல்ல மடவையாகப் பார்த்து எடுத்து அவள் பக்கம் தள்ளிவிட்டாள். அப்படிப் பொறுக்கிய மீன் வேண்டாம், கலந்துதான் வேண்டும் என்று சொல்ல கெங்கம்மாவால் முடியவில்லை. லூர்துமேரி திரும்பிய பிறகு அவற்றைக் கும்பலில் போட்டுக் கலக்கிவிட்டு எடுப்பாள். அவ்வளவு ஒழுங்காகச் செய்த வேலை.

இப்போது வாசலில் உட்கார்ந்து அவள் அதையெல்லாம் ஓட்டிப் பார்த்தாள். எங்கே தவறியது என்று தெரியவில்லை.

"நாலு மில்லின்னா எவ்ளோ? காட்டு."

அவன் உள்ளே போய்ப் பலகையை எடுத்துவந்தான். இரண்டு கோடுகளின் மேல் இரண்டு நகத்தை வைத்துக் காட்டினான். அவள் குனிந்து பார்த்தாள்.

"அர நெல்லு" என்றாள்.

பக்கத்து வீட்டுக் கோழி வந்து கூடையைக் கொத்தியது. அவள் விரட்டவில்லை.

"ஏய்யா, முடிச்சு தின்னத நீ சேத்து எழுதலியா?"

அவன் நிமிர்ந்தான். "நீ வுட்டுக் கட்டலியா?"

"நான் எதுக்கு வுடறது? வாலு முடியற எடத்துல நகத்த வெச்சேன். கட்டினேன். கோடு பாத்து எழுதினவன் நீ. நீ சேத்துக்குவன்னு இருந்தேன்."

"கட்றவதான மே வுடணும்? பொறந்ததுலேந்து வலை கட்றவ நீ. வுடாம கட்டுவியான்னு நான் கேக்கவேல்ல."

"நானும் கேக்கல."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வலை கட்டுகிற வீட்டில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. முடிச்சு நூலைத் தின்னும். மெல்லிய நூலென்றால் முடிச்சுக்கு அரை நெல். அதை முன்கூட்டியே விட்டுக் கட்டாவிட்டால் வலைக்கண் சுருங்கிவிடும். ஒருவர் பிடிக்க ஒருவர் கட்டும்போது, யாராவது ஒருவர் விட்டிருப்பார் என்பது பேசாத ஏற்பாடு. முப்பத்தெட்டு நாளும் அவன் அவள் விட்டாள் என்று இருந்தான், அவள் அவன் சேர்த்தான் என்று இருந்தாள். நடுவில் முடிச்சு தின்றுகொண்டே இருந்தது.

கெங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு வரவில்லை. இதைப் போய்ச் சொன்னால், அளந்தது நீ இல்லை, படுத்துக்கொண்டே கூலி வாங்கினாய் என்றுதானே ஆகும் என்றான். அதோடு, இதை எதை வைத்து நம்புவார்கள்?

"நூலு கீது" என்றாள்.

எங்கே என்று கேட்டான். அவள் உள்ளே போய்ப் பரணிலிருந்து ஒரு கயிற்றை இழுத்தாள். கயிறு நெடுக நூல்கண்டுகள், நாள் வரிசையில், ஒன்றையடுத்து ஒன்று. நல்ல நூலை எறிய மனசு வரவில்லை. மழைக்காலத்தில் முடிச்சை அவிழ்த்து ஒரு வீச்சுவலை கட்டலாம் என்று வைத்திருந்தாள். கடைசியில் இருந்த மூன்று கண்டைப் போன வாரம்தான் எதிர்வீட்டு மண்ணாங்கட்டியின் கிழிந்த வலைக்குக் கொடுத்திருந்தாள். முப்பத்தைந்து இருந்தது.

"எல்லாத்தயும் குடுத்திருந்தா?" என்றான்.

"குடுக்கலியே. எழுந்து சோறு துன்னு."

அவன் சாப்பிட்டான். பாதிதான்.

மறுநாள் கெங்கம்மா பொங்கல் சேலையைக் கட்டிக்கொண்டாள். கூடையில் நூல்கண்டுகளை வைத்து, மேலே வாழை இலை போட்டு, இலைமேல் விடிகாலையில் எடுத்த மடவை நாலு வைத்து மூடினாள். பாண்டுரங்கன் பலகையைத் தூக்கிக்கொண்டு பத்தடி முன்னால் நடந்தான். மையத்து வாசலில் வாட்ச்மேன் அவளைப் பார்த்துவிட்டு, இன்றைக்கு யாரும் மீன் கேட்கவில்லை என்றான். விற்க வரவில்லை, அளக்க வந்திருக்கிறேன் என்றாள். அவன் பாண்டுரங்கனைப் பார்த்தான். பாண்டுரங்கன் தோப்பைப் பார்த்தான்.

புரொபசர் எந்திரத்து அறையில் இருந்தார். மயிலாப்பூர்க்காரர். மெலிந்த உடம்பு, வெள்ளைச் சட்டை, எப்போதும் ஒரே குரல். பக்கத்தில் ஜெயபாரதி, தூங்காத முகத்தோடு. அறைக்குள் மார்கழிக் காலைபோலக் குளிர் அடித்தது. கெங்கம்மாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்காரவில்லை. கூடையை இறக்கிவைத்து, நின்றபடியே, வெள்ளத்தில் தொடங்கி மண்ணாங்கட்டி வலை வரைக்கும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். எதையும் விடவில்லை. புருஷன் படுத்துக்கிடந்ததையும் விடவில்லை.

புரொபசர் கண்டு ஒன்றை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, முடிச்சுகளை விரலால் தடவினார். பிறகு கூடையிலிருந்த மீனைக் காட்டினார்.

"அளந்து காட்டும்மா. பாண்டுரங்கா, நீ தள்ளி நில்லு."

ஜெயபாரதி முதலில் நாலு மீனையும் பலகையில் வைத்துப் பார்த்து, எழுதிய காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். கெங்கம்மா தரையில் உட்கார்ந்தாள். நூலை எடுத்தாள். எலெக்ஷன் மை இன்னும் போகாத விரலால் வாலைப் பிடித்து, முடிச்சு போட்டாள். நாலு மீனும் முடிய ஒரு நிமிஷம் ஆகவில்லை. ஜெயபாரதி நூலைப் பலகையில் நீட்டிப் படித்தாள். காகிதத்தைத் திருப்பினாள். இருநூற்று நாற்பத்தொன்று இருந்த இடத்தில் நூல் இருநூற்று முப்பத்தேழு சொன்னது. அடுத்ததும் நாலு குறைவு. மூன்றாவதும் நாலு. கடைசியில் மட்டும் ஐந்து.

"அது கை வெறச்சிப்போச்சு" என்றாள் கெங்கம்மா. "இங்க குளுரு சாஸ்தி."

ஜெயபாரதி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று கெங்கம்மாவுக்குத் தெரியவில்லை.

புரொபசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை ஏன் அன்னிக்கே சொல்லலே?"

"சொன்னா வேற ஆளப் போட்ருவீங்கோ சார்" என்றான் பாண்டுரங்கன்.

மாட்டேன் என்று அவர் சொல்லவில்லை. அவர் நோட்டை எடுத்து, கோணல் கையெழுத்து இருந்த பக்கங்களைப் புரட்டினார்.

"முப்பத்தெட்டு நாளும் மீனை அளந்திருக்கு. அளக்காத மீன் இதுல ஒண்ணுகூட இல்லே. அப்படித்தானே?"

"ஆமா சார்."

"அளந்தது யாருன்னு எழுதலே. அதான் தப்பு. பெரிய தப்பு. ஆனா திருத்தக்கூடிய தப்பு." ஜெயபாரதி பக்கம் திரும்பினார். "ஒரு கார்டுல எத்தனை கட்டம் காலியா இருக்கும்மா?"

"பன்னெண்டு இருக்கு சார்."

"ஒண்ணை எடுத்துக்கோ. அளந்தவர் யாருன்னு போடு. பாண்டுரங்கன் ஒண்ணு. இவங்க ரெண்டு."

பிறகு அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போனார். எல்லாவற்றோடும் நாலைக் கூட்டிவிட்டால் ஆகாது, ஐந்து தின்ற முடிச்சும் இருக்கிறது, எல்லா முடிச்சையும் அவிழ்த்து மறுபடி அளக்க வேண்டும். கண்டு இல்லாத மூன்று நாளைக் காலியாக விட்டுவிட வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் இனிமேல் சொல்லிவிட வேண்டும், பலகையைக் கெங்கம்மா வெளிப்படையாகவே கரைக்குக் கொண்டுபோகலாம், கோடு படிக்க ஜெயபாரதி சொல்லிக்கொடுப்பாள். கதவு வரை போனவர் நின்றார்.

"மேலே போன காகிதம் மேலேயே இருக்கட்டும்" என்றார். போய்விட்டார்.

பாண்டுரங்கன் அப்படியே தரையில் குந்தினான். நேற்று உச்சி வெயிலில் குந்தியவன் இப்போதுதான் உட்கார்ந்ததுபோல இருந்தது. பசிக்கிறது என்றான்.

ஜெயபாரதி வந்து கெங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, என் வெள்ளத்து அத்தியாயம் போச்சு."

"ஐயோ, அத்த வேற கெட்த்துட்டனா?"

"நல்லா போகட்டும். அது அச்சாகி, அதுக்குப் பொறவு தெரிஞ்சிருந்தா நான் எங்க போய் நிப்பேன்?"

முடிச்சு அவிழ்க்க ஐந்து நாள் ஆயிற்று. ஆயிரத்து எழுநூற்று ஐம்பது முடிச்சு. கடைசி முடிச்சிலிருந்து தொடங்கி, முடிச்சின் நடுவில் மையால் ஒரு புள்ளி வைத்து, அவிழ்த்து, முந்தின முடிச்சிலிருந்து புள்ளி வரை அளக்க வேண்டும். ஜெயபாரதி மீனை அறுத்துப் பார்க்கும்போது குத்துகிற ஊசியால் நெம்பிப் பார்த்தாள். வரவில்லை. மறுநாள் கெங்கம்மா கெளுத்தி முள் இரண்டு கொண்டுவந்தாள். முள்ளை முடிச்சுக்குள் விட்டுத் திருகினால் பூப்போல விரிந்தது. அந்த ஐந்து நாளும் காந்தி நகர் வீடுகளுக்கு லூர்துமேரி மீன் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வந்து, எல்லையம்மனுக்குப் போட்ட முடிச்சைக் குளிர் அறையில் உட்கார்ந்து அவிழ்க்கிறவளை இப்போதுதான் பார்க்கிறேன் என்று குப்பம் முழுக்கச் சொன்னாள்.

அவிழ்க்கிற கை தானாக ஓட, இரண்டு பேரும் பேசினார்கள். தன் அப்பா கடையில் மீட்டர் கட்டையை வைத்துத் துணி கிழிக்கும்போது கட்டைக்கு அப்பால் ஒரு விரற்கடை விட்டுத்தான் கிழிப்பார்கள் என்று ஜெயபாரதி சொன்னாள். மடிக்கும்போது சுருக்கத்தில் போய்விடுமாம். யார் விடுவது, அளக்கிறவரா கிழிக்கிறவரா என்று கெங்கம்மா கேட்டாள். ஜெயபாரதி யோசித்தாள். அளக்கிறதும் கிழிக்கிறதும் ஒரே ஆள்தான் என்றாள்.

"அதான் உங்கப்பா கடைல பள்ளம் வுழல" என்றாள் கெங்கம்மா.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கெங்கம்மா வறுத்த மடவை கொண்டுவந்திருந்தாள். தங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மீன் வாசமே ஆகாது என்றாள் ஜெயபாரதி. காலையிலிருந்து எதை மோந்துக்கினு கீற என்றாள் கெங்கம்மா. ஜெயபாரதி தயிர்சாதத்துக்கு இரண்டு துண்டு வாங்கிக்கொண்டாள்.

புது கார்டுகள் திங்களன்று ஜீப்பில் போயின. வியாழக்கிழமை காகிதம் வந்தது. அதை எந்திரத்து அறைத் தரையில் நீளமாக விரித்தார்கள். பாண்டுரங்கன் கையைக் கழுவித் துடைத்துவிட்டு, மண்டியிட்டு, நட்சத்திரங்களின் மேல் விரலை ஓட்டிக்கொண்டு போனான். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. விரல் இறங்கவில்லை. தை வரை போய், நடுவில் மூன்று இடம் மட்டும் காலி, மறுபடி மாசிக்குள் நுழைந்தது. அவன் திரும்பிப் போய் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தான்.

"தூந்துபோச்சு" என்றான்.

இதில் நான் எங்கே இருக்கிறேன் என்று கெங்கம்மா கேட்டாள். ஜெயபாரதி பெட்டியிலிருந்து ஒரு கார்டை உருவி, ஓரமாக இருந்த ஓட்டை ஒன்றைக் காட்டினாள். கெங்கம்மா அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"வாசமே இல்ல" என்று திருப்பிக் கொடுத்தாள்.

பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று நின்று, கேட்டுவிட்டாள். அவிழ்த்த நூலை வைத்துக்கொண்டு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள்? ஒன்றும் செய்யப்போவதில்லை என்றாள் ஜெயபாரதி. ஒரு கண்டை மட்டும் புரொபசர் தன் மேஜையில் வைத்துக்கொள்ளக் கேட்டார். மீதி முப்பத்துநாலையும் கெங்கம்மா கூடையில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் கடல்காற்று எழுந்த பிறகு இருவரும் வாசலில் உட்கார்ந்தார்கள். அவர்களுடைய சின்னப் பெண்கள் இரண்டும் ஓட்டைப்பல் தெரியச் சண்டை போட்டுக்கொண்டு மணலில் உருண்டன. உள்ளே நெத்திலிக் குழம்புச் சட்டி வழித்து வைத்ததுபோல இருந்தது, இன்று அவன் பாக்கி வைக்கவில்லை. கெங்கம்மா நூலை வலை ஊசியில் சுற்றினாள். சாண் சாணாக மைப்புள்ளி வைத்த நூல். சுற்றச் சுற்றப் புள்ளிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. வீச்சுவலைக்கு முதல் கண்ணை அவன் விரலில் பிடித்தான். அவள் ஊசியைக் கோத்து இழுத்தாள். முடிச்சு விழ வேண்டிய இடத்தில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் நின்றார்கள்.

"நீ வுடறியா, நான் வுடட்டா?" என்றான்.

"ரெண்டு பேரும் வுட்டா மீனு பூடும். நான் வுடறேன். நீ புடி."

அரை நெல் விட்டு, இழுத்துக் கட்டினாள்.